உறவினர் ஆட்சேபணை

1

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் போன வாரம் ஓர் அறைக்குப் புது வண்ணம் அடித்துக் கதவில் பலகை மாட்டினார்கள். 'ரிலேட்டிவ்ஸ் ரூம்'. சொந்தக்காரர்கள் அறை. உள்ளே இரண்டு சோபா, தண்ணீர் கொதிக்கவைக்க ஒரு கெட்டில், பிஸ்கட் டப்பா, கண்ணைத் துடைத்துக்கொள்ளக் காகிதக் கைக்குட்டை. அப்பாவையோ அம்மாவையோ பார்க்க வருகிறவர்கள் வாசலில் கையெழுத்துப் போட்டதும், சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர் தருவார்கள். அதிலும் 'ரிலேட்டிவ்' என்றுதான் அச்சடித்திருக்கும். குழாய் ரிப்பேர் செய்ய வருகிறவருக்கு மஞ்சள் ஸ்டிக்கர், சொந்தக்காரர்களுக்கு நீல ஸ்டிக்கர். நான் சமையலறையில் இருப்பவள். எனக்கு ஸ்டிக்கர் கிடையாது, ஏப்ரன் உண்டு.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், மீன்பிடிப் படகுகள் குறைந்துபோன ஒரு சின்ன ஊரில் பதினேழு வருஷமாக இருக்கிறேன். பிறந்தது, வளர்ந்தது, வாக்கப்பட்டது எல்லாம் திருவண்ணாமலை. இந்தப் பதினேழு வருஷத்தில் உன்னை அதிகம் படுத்திய ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால், யோசிக்காமல் இந்தப் பலகையில் உள்ளதைத்தான் சொல்வேன். ஒரு பக்கம் பார்த்தால் அது ஆள். இன்னொரு பக்கம் திருப்பினால் அது ஒன்றோடு ஒன்றை ஒப்பிடும் அளவு. எந்தப் பக்கம் எப்போது திரும்பும் என்று அதற்கே தெரியாது.

அந்த ஒரு சொல்லால் இந்த வருஷம் என் அத்தையை நான் இழக்க இருந்தேன். எப்படியோ தப்பித்தேன். தப்பித்த நிம்மதியில்தான் இதை எழுதுகிறேன். அங்கங்கே சிரிப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தால் ஊரில் இருக்கும் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

அத்தை எனக்கு இரண்டு வகையிலும் அத்தை. என் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா, என் கணவர் குமாரின் அம்மா. நம் ஊரில் இதைச் சொன்னால், "ஓ, சொந்தத்துலயே குடுத்துட்டாங்களா" என்று ஒரு வரியில் முடிந்துவிடும். இங்கே முடியாது. சமையலறையில் என்னோடு வேலை செய்யும் ஃபியோனாவிடம் ஒருநாள் டீ குடிக்கும்போது சொல்லிவிட்டேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே உன் புருஷன் உனக்கு ரிலேட்டிவ்வா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கல்யாணத்துக்குப் பின்னால்? அப்போதும்தான் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு வாரம் குடும்ப விஷயமே பேசவில்லை.

அத்தை மகன் என்பதால் குமாரை நான் சின்ன வயதிலிருந்தே 'மாமா' என்று கூப்பிடுவேன். கல்யாணம் ஆனதும் மாற்றிக்கொள்ளவில்லை. வேலையிடத்தில் போன் வந்தால், "மாமா, வரப்போ பால் வாங்கிட்டு வந்துடுங்க" என்பேன். ஃபியோனாவுக்கு அந்த ஒரு சொல் மட்டும் புரிந்திருக்கிறது, அவர்கள் ஊரில் 'மாமா' என்றால் அம்மா. இரண்டு வருஷமாக நான் என் அம்மாவோடு பேசுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். வயதான காலத்தில் உன் அம்மாவை ஏன் தினமும் பால் வாங்க அனுப்புகிறாய் என்று ஒருநாள் கோபமாகவே கேட்டாள். என் அம்மா நான் ஏழாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சொன்னதும் அவள் முகம் போன போக்கை இங்கே எழுத முடியாது.

அப்பாவும் ஆறு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார். அதன்பிறகு எனக்கு எல்லாம் அத்தைதான். மற்றப் பெண்களுக்குப் பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு ஒன்று. ஒன்றில் மனஸ்தாபம் வந்தால் இன்னொன்றில் போய் உட்கார்ந்து மூக்கைச் சிந்தலாம். எனக்கு இரண்டு வீட்டிலும் இருப்பது ஒரே ஆள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் இரண்டு கதவும் ஒரே நேரத்தில் சாத்திவிடும். இந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு.

அத்தை பயப்பட வைக்கும் ஆளும்தான். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பின்பக்கத் தெருவில் வீடு. மாடியில் ஐந்து அறைகளைக் கட்டி வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியாது. காதால் பிடித்த ஆங்கிலத்தில் பேச மட்டும் தெரியும். "ஹாட் வாட்டர், மார்னிங் ஒன்லி." "நோ மங்கி ஃபீடிங்." "பௌர்ணமி டே, நோ ஆட்டோ, வாக்கிங் வாக்கிங்." நான் பதினேழு வருஷமாகப் பேசும் ஆங்கிலத்தை ஸ்காட்லாந்துக்காரர்கள் இரண்டு தடவை கேட்டு வாங்குகிறார்கள். அத்தை பேசுவதை ஜெர்மனிக்காரரும் கொரியாக்காரரும் ஒரே தடவையில் புரிந்துகொண்டு அதன்படி நடக்கிறார்கள்.

3

அத்தையை இங்கே அழைத்துவர வேண்டும் என்பது குமாரின் ஆசை. "நாம எப்டி இருக்கோம்னு அம்மா ஒருவாட்டியாவது வந்து பாக்கட்டுமே" என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

விசா படிவத்தில் வழக்கம்போல அந்தச் சொல் முன்னால் வந்து நின்றது. அங்கே உங்களுக்கு ரிலேட்டிவ் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் என்ன உறவு? கட்டத்தில் ஓர் உறவை மட்டும்தான் போட முடியும். குமாருக்கு 'மகன்' என்று போட்டாயிற்று. எனக்கு 'மருமகள்'. தம்பி மகள் என்று போட இடமில்லை. அத்தை தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாபுவிடம் போய் உட்கார்ந்து இந்தப் படிவத்தை நிரப்பினார். பாபு ஊருக்கே மனு எழுதுகிறவர். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் நீக்கம் என்று தாலுகா ஆபீசுக்குப் போகும் காகிதத்தில் பாதி அவர் கடையில்தான் பிறக்கும். "இது மட்டும் இன்னா பெரிய வித்தை" என்று அவரே கம்ப்யூட்டரில் தட்டிவிட்டார்.

முதல் தடவை மறுத்துவிட்டார்கள். வருகிறவர் திரும்பிப் போவார் என்று நம்ப எங்களுக்குப் போதிய காரணம் இல்லை என்று கடிதம் வந்தது. அத்தைக்கு வந்த கோபத்தை வீடியோ காலில் பார்த்தேன்.

"இன்னாடி இது? நான் அங்கியே தங்கிடுவேன்னு சொல்றானா அவன்? எனக்கு இன்னா தலையெழுத்து? பௌர்ணமிக்கு அஞ்சு ரூமும் ஃபுல்லாவுது, அதெல்லாம் அவன் வந்து பாப்பானா?"

இரண்டாம் தடவை அறைகளின் போட்டோ, வீட்டு வரி ரசீது, வாடிக்கையாய் வரும் வெளிநாட்டுக்காரர்கள் கைப்பட எழுதிய நாலு கடிதம் எல்லாம் சேர்த்து அனுப்பினோம். விசா வந்துவிட்டது. மிச்சம் இருந்தது பிரயாண இன்சூரன்ஸ் மட்டும்தான். இரண்டு வருஷத்துக்கு முன் அத்தைக்குக் காலில் ரத்தக்கட்டு வந்து மருந்தில் சரியாகியிருந்தது. அதனால் விமானத்தில் போகலாமா என்று ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கச் சொன்னார்கள். அத்தை வாங்கி, பாபு கடையில் ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். ஒரு நாள் வேலை.

அந்தச் சான்று வரவே இல்லை. மறுநாள் நான் கூப்பிட்டபோது அத்தை சொன்னது இவ்வளவுதான்:

"நான் வரலைங்க. மனசு சரியில்ல. விட்டுடுங்க."

படிக்கும் உங்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது. அத்தை எனக்கு 'ங்க' போட்டிருந்தார். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து என்னை 'டி' போட்டுப் பேசியவர். என் கல்யாண மேடையிலேயே, "நிமுந்து ஒக்காருடி, கூன் போடாத" என்று மைக்கில் கேட்கும்படி அதட்டியவர். அன்றிலிருந்து, "சாப்டீங்களா", "பாப்பா ஸ்கூல் போயிட்டாங்களா", "சரிங்க, வெச்சிடுறேங்க" என்று ஆனது. மகனிடமும் பட்டும் படாமல்தான் பேசினார். குமார் ஆண்பிள்ளை. "அம்மாக்கு ஒடம்பு முடியல போல" என்று அதோடு விட்டுவிட்டார். எனக்கு அப்படி விட முடியவில்லை. மரியாதை கொடுத்தே ஒருத்தியை வீட்டைவிட்டு வெளியே தள்ள முடியும் என்பது நம் பெண்களுக்குத் தெரிந்த கலைதானே.

4

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அத்தை வரவில்லை என்றதும் எனக்கு முதலில் வந்தது வருத்தம் அல்ல. அப்பாடா என்றிருந்தது. அந்த 'ங்க' மண்டையில் ஏறுவதற்குள் ஒரு கால்மணி நேரம் நான் நிம்மதியாகவே இருந்தேன்.

அத்தைக்கென்று ஒதுக்கியிருந்த அறைச் சுவரில் பூசணம் பூத்திருந்தது. கவுன்சிலிலிருந்து ஒருவர் ஒரு சின்னக் கருவியோடு வந்து, ரிலேட்டிவ் ஹியூமிடிட்டி அதிகம் என்று சொல்லிப் போனார். காற்றில் ஈரம் எவ்வளவு என்று அளப்பதாம். எனக்கென்னவோ சொந்தக்காரர் வருவதற்கு முன்பே அறை அழ ஆரம்பித்துவிட்டது என்றுதான் கேட்டது. பூசணத்தைச் சுரண்டிவிடலாம். மதியை என்ன செய்வது? என் மகளுக்குப் பதின்மூன்று வயது. தமிழ் புரியும். பேசச் சொன்னால் ஆங்கிலத்தை உள்ளே வைத்துத் தமிழை மேலே போர்த்தித் தருவாள். "அந்த ஆன்ட்டி, யார் நாய் வெச்சிருக்காங்க, அவங்க இன்னிக்கு வந்தாங்க" என்பாள். நாய் வைத்திருக்கும் ஆன்ட்டி என்று சொன்னால் போதும், நடுவில் ஒரு 'யார்' வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்கமாட்டாள். அது ரிலேட்டிவ் ப்ரொநவுன், அது இல்லாமல் வாக்கியத்தின் இரண்டு பாதியும் எப்படி ஒட்டும் என்று என்னையே திருப்பிக் கேட்பாள்.

இதையெல்லாம் அத்தை வந்து பார்ப்பார். ஃப்ரீசரில் மாசக்கணக்கில் கிடக்கும் இட்லியைப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை விளக்கு ஞாயிற்றுக்கிழமை ஏற்றப்படுவதைப் பார்ப்பார். மதி தன் பாட்டியை 'ஆயா' என்று கூப்பிட்டுவிட்டு அடுத்த வார்த்தைக்கு என் முகத்தைப் பார்ப்பதைப் பார்ப்பார். ஒரு மாதம் முழுக்க அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டுமே என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். அதனால்தான் அந்த அப்பாடா. பிறகு அதற்காகவே என்னை நான் திட்டிக்கொண்டேன். என் மனசில் இருந்தது எப்படியோ அத்தைக்குத் தெரிந்துவிட்டது, அதற்குத்தான் இந்த 'ங்க' என்று நம்பவும் தொடங்கினேன்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஃபியோனாவிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, ரிலேட்டிவ்லி சின்ன விஷயம்தானே என்றாள். இந்த ஊர்க்காரர்களுக்கு அது ஒரு பழக்கம். மழை விட்டால் ரிலேட்டிவ்லி நல்ல நாள். கால் உடைந்தவரைக் கேட்டால் ரிலேட்டிவ்லி நன்றாக இருக்கிறாராம். எதோடு ஒப்பிட்டு என்று மட்டும் சொல்லமாட்டார்கள். நாம் அப்படியா? "நேத்திக்கு இன்னிக்கு வெயில் கம்மி" என்போம். "போன வருஷத்துக்கு இந்த வருஷம் கூட்டம் ஜாஸ்தி" என்போம். நேற்றும் இன்றும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும், கேட்கிறவருக்குக் கணக்குப் புரிந்துவிடும். எதோடு ஒப்பிட்டால் என் விஷயம் சின்னது என்று ஃபியோனாவிடம் கேட்க நினைத்து, விட்டுவிட்டேன்.

அக்டோபரில் மதிக்குப் பள்ளி விடுமுறை வந்தது. குமாருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மதியும் மட்டும் கிளம்பினோம்.

5

கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் மலை தெரிந்தது. மதி போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்க்கக்கூட மனசு நிற்கவில்லை. அத்தை வாசலில் நிற்பாரா, நின்றால் என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்பதிலேயே இருந்தது.

நின்றார். "வாங்க. வண்டியெல்லாம் சௌரியமா இருந்துச்சுங்களா?" என்றார். மதியின் கன்னத்தைத் தொட்டார். என்னைத் தொடவில்லை. பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து ஒரு சாவியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அதில் மரத்துண்டு ஒன்று தொங்கியது, மூன்று என்று எழுதியிருந்தது.

"மாடியில மூணாம் நம்பருங்க. ஹாட் வாட்டர் காலைல மட்டும் வரும். டிபன் எட்டு மணிக்குங்க."

நான் பிறந்து வளர்ந்த தெருவில், என் அத்தை வீட்டில், எனக்கு ரூம் போட்டுக் கொடுத்தார்கள். கட்டிலில் மடித்த துண்டு இரண்டு. அதன்மேல் பிரிக்காத சின்ன சோப்பு. மேஜையில் தண்ணீர் பாட்டில். கதவுக்குப் பின்னால் விதிமுறைகள் ஆங்கிலத்தில். குரங்குக்குச் சாப்பாடு போடாதீர்கள் என்பது இரண்டு தடவை இருந்தது. மதிக்கு ஒரே கொண்டாட்டம், ஹோட்டல் மாதிரி இருக்கிறது என்று கட்டிலில் குதித்தாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மூன்று நாள் இப்படியே போனது. எட்டு மணிக்கு டிபன் மேலே வந்தது. சட்னி காரமாக இருந்தால் சொல்லச் சொல்லி அனுப்பினார். சமையலறைப் பக்கம் நான் போனால், "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்று வழியை மறித்து நின்றார். பக்கத்து அறையில் இருந்த ஸ்பெயின்காரப் பெண்மணி என்னிடம், இந்த அம்மா மிகவும் அன்பானவர், நீங்கள் முதல் தடவையா வருகிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

6

நாலாம் நாள் காலை அத்தை மொட்டைமாடியில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் ஒரு முனையைப் பிடித்தேன். மதி பின்னாலேயே வந்தாள்.

"விடுங்க, நீங்க கெஸ்ட்டு."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "அத்தை, நான் இன்னா அத்தை பண்ணேன்? அடிக்கணும்னா அடிச்சுடுங்க. இந்த ங்க மட்டும் வேணாம்" என்று கத்திவிட்டேன். அடுத்த வீட்டு மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த அம்மா வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்.

அத்தை கீழே இறங்கிப் போனார். ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு ஏறி வந்தார். அதிலிருந்து ஒரு தாளை உருவி என் கையில் வைத்தார்.

"படிங்க. நீங்க எழுதிக் குடுத்ததுதான?"

டாக்டரின் சான்று. நடுவில் ஒரே ஒரு வரி டைப் செய்திருந்தது. நீண்ட தூர விமானப் பயணத்துக்கு, 'ரிலேட்டிவ் கான்ட்ரா இண்டிகேஷன்'. அதற்குக் கீழே நாலு வரி கையால் கிறுக்கியிருந்தது, பல்லி ஓடின மாதிரி.

"பாபு படிச்சுச் சொன்னான்" என்றார் அத்தை. "ரிலேட்டிவ்னா ஒறவுக்காரங்க. கான்ட்ரான்னா எதிர்ப்பு. இண்டிகேஷன்னா தெரிவிக்கிறது. உறவினர் ஆட்சேபணைன்னு போட்டிருக்குங்கம்மான்னான். பட்டா மாத்தறப்போ பங்காளிங்க தாலுகா ஆபீசுல போய் ஆட்சேபண குடுப்பாங்களே, அதே மாரி குடுத்திருக்காங்கன்னான். எனக்கு யாரு ஒறவுக்காரங்க இருக்காங்க அங்க? நீங்க ரெண்டு பேர்தான? நான் பெத்த புள்ள அப்டிச் செய்யமாட்டான். அப்ப யாரு?"

நான் உடனே சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் ஒரு நிமிஷம் நானே அதை நம்பினேன். குமார்தான் எனக்குத் தெரியாமல் டாக்டருக்குப் போன் செய்துவிட்டாரோ என்று நினைத்தேன். என் மனசுக்குள் இருந்த ஆட்சேபணையே எப்படியோ வெளியே போய் இந்தத் தாளில் டைப் ஆகிவிட்டதோ என்றும் ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்தது. பதினேழு வருஷ ஆங்கிலமும் அந்த ஒரு நிமிஷத்தில் காலை வாரிவிட்டது.

மதி தாளை என் கையிலிருந்து வாங்கினாள். படித்தாள். போனில் எதையோ தட்டிப் பார்த்தாள்.

"ஆயா, இது ஆளு இல்ல" என்றாள். "இங்க ரிலேட்டிவ் நவுன் இல்ல, அட்ஜெக்டிவ்."

அத்தைக்குப் புரியவில்லை. எனக்கும் பாதிதான் புரிந்தது. மதி கண்ணை மூடிக்கொண்டு தமிழைத் தேடினாள். "டாக்டர் ரெண்டு மாதிரி நோ சொல்லுவாங்க. ஒண்ணு, ஃபுல் நோ. போகவே கூடாது. இன்னொண்ணு, கொஞ்சம் நோ. கேர்ஃபுல்லா இருந்தா போகலாம். இது கொஞ்சம் நோ. யாரும் எதுவும் சொல்லல ஆயா. அம்மா சொல்லல. அப்பா சொல்லல. ஒரு டாக்டர், யார் உங்க கால் பாத்தாங்க, அவங்க மட்டும்தான் சொன்னாங்க."

அந்த 'யார்' அங்கேயும் வந்து உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு எனக்கு அது தவறாகவே படவில்லை.

கையால் கிறுக்கியிருந்த நாலு வரியைப் போனில் பெரிதாக்கிப் படித்தோம். காலுக்கு இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் போட்டுக்கொண்டு, மணிக்கு ஒருதடவை எழுந்து நடந்தால், தாராளமாகப் போகலாம் என்று இருந்தது. நான் அதைத் தமிழில் சொல்லிவிட்டு அத்தையின் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷப்படுவார், என்னைக் கட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன்.

அத்தைக்கு முகம் வெளிறிப்போயிருந்தது.

"தாராளமா போலாம்னா எழுதியிருக்காரு அந்தாளு?" என்றார். "நான் அவ்ளோ கெஞ்சியும்?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய அத்தை, பரீட்சையில் பிட்டோடு மாட்டிக்கொண்டதுபோல விரிப்புக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டார்.

"இன்னா கெஞ்சினீங்க அத்தை?"

விரிப்புக்குப் பின்னாலிருந்தே பதில் வந்தது. "போகக்கூடாதுன்னு எழுதிக் குடுங்க சாமின்னு நான்தான்டி கேட்டேன். ஒரேடியா அப்டி எழுத முடியாதும்மான்னாரு. ஏதோ பாத்து எழுதறேன்னாரு. சரின்னு வந்துட்டேன்."

அந்த 'டி' காதில் விழுந்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். "ஏன் அத்தை?"

"இன்னா ஏன்? இங்க எல்லாரும் என்னைக் கேட்டுக்கினு வராங்க. தண்ணி எப்ப வரும், பஸ் எங்க நிக்கும்னு. அங்க வந்தா நான் உங்களக் கேட்டுக்கினு ஒக்காந்திருக்கணும். கதவு எப்டித் தொறக்கிறது, அடுப்பு எப்டிப் பத்தவெக்கிறதுன்னு. ஒரு மாசம் அப்டி என்னால இருக்க முடியாதுடி. மாட்டேன்னு சொன்னா குமார் மனசு ஒடைஞ்சிடுவான். அதான் டாக்டர் மேல பழியப் போட்டுடலாம்னு பாத்தேன்."

"உங்களுக்கே வர இஷ்டமில்ல. அப்பறம் ஏன் எங்கமேல இவ்ளோ கோவம்?"

விரிப்பு விலகியது. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் வரமாட்டேன்னு நான் சொல்லலாம். நீ எப்டிடி சொல்லலாம்?"

அவர் அவ்வளவையும் கொட்டிய பிறகு நான் மட்டும் நல்லவளாக உட்கார்ந்திருப்பது சரியாகப் படவில்லை. அந்தக் கால்மணி நேர அப்பாடாவைப் பற்றிச் சொன்னேன். பூசணம், ஃப்ரீசர் இட்லி, ஞாயிற்றுக்கிழமை விளக்கு, ஒன்று விடாமல் சொன்னேன். அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. துணிக்கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தார். மதி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அப்ப பாபு தப்பா ஒண்ணும் சொல்லலையே" என்றார் மூச்சு வாங்க. "ஆட்சேபண நெசமாவே இருந்திருக்கு. ஒறவுக்காரங்க ரெண்டு பேருமே குடுத்திருக்கோம்."

எத்தனை வாரப் பாரம் அப்போது இறங்கியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உடம்பே லேசானதுபோல இருந்தது. அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். பிறகு, முடி ஏன் இப்படிக் கொட்டியிருக்கிறது என்று திட்டினார்.

"இப்ப இன்னா, நான் வரணுமா வேணாமா?"

"வேணாம் அத்தை. உங்களுக்கு இஷ்டமில்லன்னா வேணவே வேணாம்."

"அப்ப வரேன்" என்றார். "தீபம் முடியட்டும், சீசன் முடியட்டும். மே மாசம் இங்க வெயில் தாங்காது. ஒரு மாசம்லாம் இல்ல, பத்து நாளு. அப்ப அங்க குளிரு கம்மியா இருக்குமா?"

"ரிலேட்டிவ்லி" என்றாள் மதி.

"அந்த வார்த்தைய இன்னொருவாட்டி சொன்ன, வாயிலியே போடுவேன்."

கீழே கேட்டை யாரோ தட்டினார்கள். மாடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தோம். முதுகில் பெரிய பையோடு ஒரு வெளிநாட்டுப் பெண் நின்றுகொண்டு, அறை இருக்கிறதா என்று சைகையில் கேட்டாள். ஐந்து அறையிலும் ஆள் இருந்தது எனக்குத் தெரியும். அத்தை சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கீழே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"எஸ் எஸ், கம்! ரூம் நம்பர் த்ரீ வேக்கன்ட். டென் மினிட்ஸ், க்ளீனிங்!"

"அத்தை, அதுல நாங்க இருக்கோமே" என்றேன்.

"நீ எதுக்குடி அதுல இருக்க? பொட்டியத் தூக்கிக்கினு கீழ ஊட்டுக்கு வா. வரப்போ பெட்ஷீட்ட மாத்திட்டு, அப்டியே பாத்ரூமையும் கழுவிவுட்டுடு."

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கழுவினேன். சந்தோஷத்தில் அன்றைக்குத் தரையை இரண்டு தடவை தேய்த்தேன்.